எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-இல் என்ன வேண்டும்? எனக்கு வழி சொல்லும் ஆட்கள் வேண்டும்

சாம்பல்மழை எழுதியது:

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனை உலக வீடியோ கேம் வரிசையில் ஆறாவது பாகம் வரப்போகிறது என்று, அதைத் தயாரிக்கும் பெதஸ்டா நிறுவனம் ஒரு மலைத்தொடரைக் காட்டி குட்டி டீசர் விட்டது 2018 ஜூனில். இன்னும் அந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இடையில் அவர்களின் இன்னொரு விளையாட்டான ஸ்டார்ஃபீல்ட் வந்தது, நாலாம் பாகமான ஒப்ளிவியன் புதுப்பூச்சு பூசிக்கொண்டு திரும்ப வந்தது, ஆறாவது பாகத்தை மட்டும் காணோம். வருகிறபோது வரட்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று பேசுவதற்குக் காசா பணமா?

ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பீர்கள். கப்பல் ஓட்ட வேண்டும், ஈட்டி திரும்ப வர வேண்டும், கல்யாணம் ஆன பிறகாவது துணைவிக்கு இன்னும் நாலு வசனம் வேண்டும். எல்லாம் நியாயம்தான். என் ஆசை ஒன்றே ஒன்று. நான் போகவேண்டிய இடத்துக்கு அந்த உலகத்து ஆட்களே வாயால் வழி சொல்ல வேண்டும்.

ஐந்தாம் பாகமான ஸ்கைரிமில் ஒரு குவெஸ்ட், அதாவது முடிக்கவேண்டிய வேலை, கிடைத்த மறுநொடி காம்பஸில் ஓர் அம்பு முளைத்துவிடுகிறது. அதற்கப்புறம் நான் மலையைப் பார்ப்பதில்லை, ஆற்றைப் பார்ப்பதில்லை, திரையின் மேல் விளிம்பைத்தான் பார்க்கிறேன். அத்தனை சாலைச் சந்திப்பிலும் மரத்தில் செதுக்கிய வழிகாட்டிப் பலகை நிற்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை அழகாகச் செய்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் நின்று அதைப் படித்திருக்கிறோம்?

"பிடிக்காவிட்டால் அணைத்துவிட வேண்டியதுதானே" என்று ஒருவர் வருவார், தெரியும். அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேலைகளைக் குறித்து வைக்கும் ஜர்னலில் குவெஸ்ட்டைத் தேர்வு நீக்கினால் அம்பு போய்விடும், ஆனால் அம்பைத் தவிர வேறெதுவும் அங்கே இருந்ததே இல்லை. "இன்ன குகையில் உள்ள கொள்ளைத் தலைவனைக் கொல்", அவ்வளவுதான் ஜர்னலில். குகை வடக்கா தெற்கா, ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லுவார் யாருமில்லை. அம்பு இருக்கிற தைரியத்தில் எழுதின வசனங்கள் அவை.

2002-இல் வந்த மூன்றாம் பாகமான மோரோவிண்டில் இப்படி இல்லை. கப்பலிலிருந்து சேய்டா நீன் என்ற சேற்று ஊரில் இறக்கிவிடுவார்கள். கையில் ஒரு பொட்டலம். பல்மோரா என்ற ஊருக்குப் போ, அங்கே சவுத் வால் மதுக்கடையில் கேயஸ் கொசாடெஸ் எங்கே என்று விசாரி என்பார்கள். அவ்வளவுதான் தகவல். நடந்தும் போகலாம். இல்லையென்றால் ஊர் எல்லையில் வீட்டை விடப் பெரிய ஒரு பூச்சி நிற்கும், ஸில்ட் ஸ்ட்ரைடர், அதன் முதுகில் ஏறிக் காசு கொடுத்தும் போகலாம். நடந்து போனால் சற்று தூரத்திலேயே வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டு விழுந்து சாவான். அவன் பையில் இகாரியன் ஃப்ளைட் என்ற சுருள்கள் மூன்று இருக்கும், குதிக்கும் திறனான அக்ரோபாட்டிக்ஸை 1000 கூட்டும், 7 விநாடிக்கு மட்டும். ஏழு விநாடி போதும், மேலே போய்விடலாம். இறங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். அவன் எப்படிச் செத்தான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பல்மோராவில் மதுக்கடைக்காரர் வீட்டை அடையாளம் சொல்லுவார். தேடிப் போனால் சட்டை போடாத ஒரு கிழவர் கதவருகே நிற்பார். பேரரசின் ஒற்றர் தலைவர் அவர்தான். உலகைக் காப்பாற்றும் வேலையை உடனே கொடுக்கவும் மாட்டார். கையில் 200 பொன்னைக் கொடுத்து, போய் ஏதாவது ஒரு கில்டில், அதாவது சங்கத்தில், சேர்ந்து நாலு காரியம் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார். அந்த ஊரின் பாலங்களும் ஆறும் சந்துகளும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். காரணம் எளிது, கேட்டுக் கேட்டு நடந்தேன். ஸ்கைரிமின் மார்கார்த் நகரில் அதைவிட அதிக நேரம் சுற்றியிருக்கிறேன், கண்ணைக் கட்டி விட்டால் கொல்லன் பட்டறைக்கு வழி தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் ஸ்கைரிமிலேயே இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. ரிவர்வுட்டில் லூகனின் கடையில் டிராகன் பாத வடிவிலான தங்க நகம் திருட்டுப் போயிருக்கும். தேடித் தருகிறேன் என்றதும் அவன் தங்கை கமீலா கூடவே ஊர் எல்லைப் பாலம் வரை நடந்து வந்து, அதோ அந்த மலைமேல் தெரிவதுதான் ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறை என்று காட்டிவிட்டுத் திரும்புவாள். வரும் வழியெல்லாம் அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவாள். நம்மூரில் பெட்டிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, தெரு முனை வரை நடந்து கை நீட்டுவாரே, அதேதான். பாரோவின் உள்ளே போனால் கடைசிக் கதவில் மூன்று வளையங்கள். எந்தப் படத்தை எங்கே திருப்புவது என்பது அந்த நகத்தின் உள்ளங்கையிலேயே செதுக்கியிருக்கும்: கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை. பையைத் திறந்து நகத்தைத் திருப்பிப் பார்த்தவனுக்குக் கதவு திறக்கும். விளையாட்டின் முதல் சில மணி நேரத்தில் இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள், அதற்கப்புறம் ஏன் கை விட்டார்கள்?

ஆறாவது பாகத்தில் இதைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். வழி கேட்பதே ஒரு விளையாட்டாக வேண்டும். பேச்சுத் திறன் கூடியவனுக்குக் குறுக்குவழி தெரிய வரும். குடிகாரன் தப்பாகச் சொல்லுவான். உன் மேல் கடுப்பில் இருப்பவன் வேண்டுமென்றே கரடிக் குகைப் பக்கம் அனுப்புவான். ஸ்கைரிமின் வின்ட்ஹெல்ம் நகரில் டார்க் எல்ஃப் இனத்தாரைச் சேரி மாதிரி ஒரு மூலையில் அடைத்து வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி ஊரே பேசுகிறது, ஆனால் நானே டார்க் எல்ஃபாகப் போய் நின்றாலும் அந்த ஊர் என்னை நடத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே அந்த நாட்டுக்காரனான ஒரு நார்டு இனக் காவலன் "உனக்கு வழி சொல்ல நான் ஆள் இல்லை" என்று முகத்தைத் திருப்பினால், நான் அந்த மூலையான கிரே குவார்ட்டருக்குள் போய் என் ஆட்களிடம் கேட்பேன். இனத் தேர்வுக்கு அப்போதுதான் ஓர் அர்த்தம் வரும். ஊர் ஊராகச் சுற்றுகிற கஜீத் என்ற பூனை இன வணிகர்களுக்கு எல்லாச் சாலையும் தெரிந்திருக்கும், ஆனால் ஏதாவது வாங்கினால்தான் வாயைத் திறப்பார்கள்.

அம்பு இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டியவர்களுக்கு. அது இல்லாமலும் விளையாடி முடிக்கிற மாதிரி உலகத்தை எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உங்களுக்கு எப்படி? இதைவிட அவசரமான ஆசை எதுவும் இருக்கிறதா?

---

இரவு_பதினொன்று எழுதியது:

கை கூப்பி ஒரு வேண்டுகோள்: அந்த அம்பில் கை வைக்காதீர்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் தூங்கி, பாத்திரம் கழுவி, மறுநாள் டிபன் பாக்ஸுக்கு ஊற வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது பதினொன்று ஆகிவிடும். அதிலிருந்து முக்கால் மணி நேரம் விளையாட்டு. அந்த முக்கால் மணியில் நான் ஒரு குகைக்குள் போய், ஓர் ஆளை அடித்து, ஒரு வாளை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். குகையைத் தேடியே முக்கால் மணி போனால் அந்த வாரம் முழுக்க நான் விளையாடவில்லை என்று கணக்கு.

மோரோவிண்டை நானும் தொட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு. அலுவலக ஆடிட் முடிந்து நீண்ட இடைவெளிக்குப் பின் திறந்தால், அந்த ஜர்னல் ஒரு பழைய டைரி மாதிரி தேதிவாரியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த வேலை எதோடு ஒட்டுகிறது என்றே புரியவில்லை. டிரைபியூனல் என்ற கூடுதல் பாகத்தைப் போட்டால்தான் குவெஸ்ட் வாரியாகப் பிரித்துக் காட்டும் என்று யாரோ சொல்வதற்குள் நான் அதை அழித்துவிட்டேன்.

ஆனால் நீங்கள் எழுதினதைப் படித்ததும் எனக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது. ஸ்கைரிமில் நம் கூடவே வரும் லிடியா இருக்கிறாளே, "உங்கள் சுமையைச் சுமக்கவே சபதம் செய்தேன்" என்று ஒரு பெருமூச்சோடு சொல்லுவாளே, அவளுக்கு ஞாபகசக்தி கொடுக்கச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து நான் சேவ் ஃபைலைத் திறந்ததும் அவளிடம், "எங்கே போய்க்கொண்டிருந்தோம்?" என்று கேட்டால், "ரிஃப்டன் பக்கம், அந்தத் திருடனைத் தேடி. நேற்று பாலத்தருகே ஓநாய்கள் வந்ததே, மறந்துவிட்டீர்களா?" என்று சொல்ல வேண்டும். முன்னால் நடந்து வழி காட்டவும் வேண்டும். கூட வருகிறவள் சும்மா பின்னால் வந்து கதவில் வழியை மறித்து நிற்பதற்குப் பதிலாக இதைச் செய்யலாமே. அப்படிச் செய்தால் அம்பையும் எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

---

வழிதவறிய_நார்டு எழுதியது:

மோரோவிண்டில் வழி சொல்லுவார்கள், சரி. சில இடத்தில் கிழக்கு என்பதை மேற்கு என்று சொல்லுவார்கள், அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். சாம்பல் புயலில் கண் தெரியாமல், தலைக்கு மேல் க்ளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணிகள் கத்திக்கொண்டு துரத்த, இல்லாத பாதையைத் தேடி அலைந்தவன் நான். இருபது வருஷம் ஆனதும் எல்லாம் இனிப்பாகத்தான் தெரியும்.

எனக்கு மலையேற்றம் வேண்டும். 1996-இல் வந்த இரண்டாம் பாகமான டாகர்ஃபாலில் சுவர் ஏறுவதற்கென்றே ஒரு திறன் இருந்தது. ஸ்கைரிமில் குதிரையைப் பாறையில் முட்ட முட்டக் குதிக்க வைத்து ஏற வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் என் பட்டியல்.

---

பிளக்இன்_பித்தன் எழுதியது:

சாம்பல்மழை அவர்களுக்கு: ஆசை நல்ல ஆசை. ஏன் கை விட்டார்கள் என்று கேட்டீர்கள். நான் மாட், அதாவது ரசிகர்கள் விளையாட்டில் செய்யும் மாற்றங்கள், செய்கிற ஆள், அதற்கான கிரியேஷன் கிட் என்ற ஸ்கைரிம் கருவி 2012 பிப்ரவரியில் வெளியான நாளிலிருந்து அதில் நோண்டிக்கொண்டிருக்கிறேன், உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் காரணம் குரல். மோரோவிண்டில் பெரும்பாலும் எழுத்துதான். ஒருவர் நாலு பத்தி பேசினாலும் செலவு தட்டச்சு செய்தவரின் சம்பளம் மட்டும். 2006-இல் ஒப்ளிவியன் வந்தபோது எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள். பேரரசராக பேட்ரிக் ஸ்டூவர்ட்டைக் கூட்டி வந்து ஆரம்பத்திலேயே கொன்றும் விட்டார்கள், அது வேறு கதை. குரல் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டுடியோ, நடிகர், அப்புறம் ஒவ்வொரு மொழிக்கும் திரும்ப அதே வேலை. "வடக்கே போய் இரண்டாவது பாலம் தாண்டி" என்று பதிவு செய்த பிறகு லெவல் டிசைனர் பாலத்தை நகர்த்திவிட்டால் நடிகரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, பாலம் எங்கே போனாலும் கூடவே போகும்.

இரண்டாவது, ஸ்கைரிமின் ரேடியண்ட் குவெஸ்ட்கள். சத்திரக்காரரிடம் வேலை ஏதும் உண்டா என்று கேட்டால் ஒரு கடிதத்தை நீட்டுவார், கவனித்திருக்கிறீர்களா? வாயால் இடத்தின் பெயரைச் சொல்லமாட்டார். எந்த இடம் என்பதை விளையாட்டு அந்த நேரத்தில்தான் தேர்ந்தெடுக்கிறது, குரலில் அந்தப் பெயரை ஒட்ட முடியாது, கடிதத்தில் ஒட்டலாம். பெயரை ஒட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம். ஒவ்வொரு குகைக்கும் கோட்டைக்கும் பக்கத்து ஊரிலிருந்து எப்படிப் போவது என்று மூன்று வரி எழுதி வைத்தால் அதே கடிதத்தில் அதுவும் தானாக வந்து உட்காரும். குரல் செலவு சுத்தமாக இல்லை. ஈவன் பெட்டர் குவெஸ்ட் அப்ஜெக்டிவ்ஸ் என்று ஒரு மாட் இருக்கிறது, ஜர்னல் வரிகளைத் திருத்தி இடக்குறிப்புகளைச் சேர்த்துவிடும். தனி ஆட்கள் செய்ய முடிகிற வேலை இது.

மூன்றாவது கொஞ்சம் சிக்கல். மோரோவிண்டில் பெரும்பாலான ஆட்கள் வைத்த இடத்தில் நிற்பார்கள், அதனால் வழி சொல்லலாம். ஒப்ளிவியனிலிருந்து அவர்களுக்கு நேர அட்டவணை வந்துவிட்டது. சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், சிலர் ஊர் விட்டு ஊர் போவார்கள். ஆளைத் தேடச் சொன்னால் "பகலில் சந்தையில் பார், இரவானால் பேனர்ட் மேர் சத்திரத்தில் குடித்துக்கொண்டிருப்பான்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அது இன்னும் சுவாரஸ்யம்தானே என்று நீங்கள் சொல்லுவீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் ஒருவன் குகையில் செத்துக் கிடந்தால் எவனுமே அதைச் சொல்லமாட்டான், விளையாடுகிறவன் ஊரையே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருப்பான். அதற்கும் ஒரு வசனம் எழுத வேண்டும்.

இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018-இல் அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸியில் தொடக்கத்திலேயே கேட்பார்கள், குறி காட்டட்டுமா, இல்லை "இன்ன மாகாணத்தில், ஏரிக்குத் தெற்கே" என்று துப்பு மட்டும் தரட்டுமா என்று. அதே வருடம் வந்த கிங்டம் கம் விளையாட்டின் ஹார்ட்கோர் மோடில் வரைபடத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. சூரியனையும் ஆற்றையும் பார்த்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்கைரிமில் கிளேர்வாயன்ஸ் என்று ஒரு மந்திரம் உண்டு, இல்யூஷன் என்ற மந்திர வகையில் தொடக்க நிலை. போட்டால் போகவேண்டிய வழி தரையில் மினுங்கும். அம்பு இலவசமாகக் கிடைக்கிற ஊரில் மந்திர சக்தியான மேஜிக்காவைச் செலவழித்து அதை யார் போடுவார்கள்? அம்பை எடுத்துவிட்டால் அந்த ஒரு மந்திரத்துக்காகவே பலர் மந்திரவாதியாவார்கள்.

---

சாம்பல்மழை எழுதியது:

பித்தன், கடிதத்தில் மூன்று வரி என்ற யோசனை என் ஆசையை விட மலிவாகவும் நடைமுறையாகவும் இருக்கிறது. கிளேர்வாயன்ஸ் எனக்குத் தோன்றவே இல்லை. அதை அப்படியே இரவு_பதினொன்றுக்குக் கொடுத்துவிடலாம்: அம்பு வேண்டுமென்றால் ஒரு மந்திரம் படித்துக்கொள்ளுங்கள், அல்லது லிடியாவை முன்னால் அனுப்புங்கள்.

நார்டு நண்பரே, தப்பான வழி சொன்ன இடங்கள் உண்டுதான். அவை சரிபார்க்காமல் விட்டவை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மெயின் கதையில் கேவர்ன் ஆஃப் தி இன்கார்னேட் என்ற குகையைத் தேடச் சொல்லும்போது ஒரு விடுகதையைத்தான் கையில் கொடுப்பார்கள். அதை வைத்துப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்து, கதவைக் கண்டுபிடித்து நின்றால் அது திறக்காது. விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான் திறக்கும், காலை 6 முதல் 8, மாலை 6 முதல் 8. அந்தக் கதவுக்கு முன்னால் வெளிச்சம் மாறும் வரை உட்கார்ந்து காத்திருந்ததுக்கு ஈடான ஒன்றை எந்த அம்பும் எனக்குத் தரவில்லை. க்ளிஃப் ரேசர் விஷயத்தில் உங்கள் கட்சிதான். அவை ஒழிய வேண்டும்.

---

பூனைவணிகன் எழுதியது:

அக்கா, நான் 2025 ஏப்ரலில் ஒப்ளிவியன் ரீமாஸ்டரில்தான் இந்த உலகத்துக்குள்ளேயே வந்தேன். என் ஆசை ஸ்பெல்மேக்கிங். நாமே மந்திரம் தயாரிக்கிற வசதியை ஸ்கைரிமில் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது ஒரு நாள் முழுக்க மூட் அவுட். தீயும் பலவீனமும் சேர்த்து நான் செய்து வைத்த மந்திரத்துக்கு என் தம்பி பெயரை வைத்திருக்கிறேன். ஸ்கைரிமின் வின்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரியில் மந்திரமே சரியாகத் தெரியாதவனைத் தலைமை மந்திரவாதி ஆக்குகிறார்களாமே, அது உண்மையா?

அப்புறம் இன்னொன்று. இந்தத் த்ரெட்டைப் படித்துவிட்டு ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு மோரோவிண்டை ஆரம்பித்தேன். கேயஸ் ஒரு புதிர்ப்பெட்டி எடுத்து வரணும்னு ஹாஸ்பாட் என்கிற ஆளிடம் அனுப்பினார். அவர் ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டுக்குப் போகச் சொன்னார். மூன்மோத் கோட்டையைத் தாண்டிப் பழைய பாலத்தையும் கடந்துவிட்டேன். இடிபாடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது. பூட்டும் இல்லை, சாவித் துவாரமும் இல்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வட்டம் போட்டுக் காட்டுங்களேன், ப்ளீஸ்.

---

சாம்பல்மழை எழுதியது:

தலைமை மந்திரவாதி விஷயம் உண்மைதான் தம்பி. வாளையே நம்பி இருக்கிறவன்கூட அந்தப் பதவியை வாங்கிவிடலாம். ஸ்பெல்மேக்கிங் வேண்டுமென்றால் நீ இப்போது ஆரம்பித்திருக்கும் மோரோவிண்டிலேயே இருக்கிறது, மேஜஸ் கில்டில் விசாரி. பறக்கிற மந்திரத்தைக்கூட அங்கே செய்யலாம். ஒப்ளிவியனில் ஊர்களை மதிலுக்குள் தனித்தனியாக லோட் ஆகிற மாதிரி பிரித்துவிட்டதால் பறப்பதையே எடுத்துவிட்டார்கள், அதனால் நீ இதுவரை பறந்திருக்கமாட்டாய்.

வட்டம் போட மாட்டேன். வழி சொல்கிறேன், கேட்டுக்கொள். கதவோடு மல்லுக்கட்டாதே. அங்கிருந்து விலகி வந்து சுற்றிலும் பாறையை ஒட்டிப் பார்த்தால் பழைய உலோகக் குழாய் ஒன்று நிற்கும், அதில் திருகுகிற கைப்பிடி இருக்கும். அதைத் திருகிவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்.

உள்ளே இறங்கினால் கடத்தல் ஆட்கள் இருப்பார்கள். ஓடிக்கொண்டே போய் அடிக்காதே, களைப்புப் பட்டை காலியாக இருந்தால் எத்தனை முறை வீசினாலும் வாள் படாது. கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் போ. பெட்டி நீ நினைப்பதைவிடச் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்குகிற கனசதுரம், சுற்றியிருக்கிற, அந்த இடத்தைக் கட்டிய ட்வெமர் இனத்துச் சாமான்களின் நிறமேதான். அலமாரிகளைக் கீழ்த்தட்டு வரை குனிந்து பார். கிடைத்ததும் நேராக ஹாஸ்பாட்டிடம் போ. நல்ல விலை வரும் என்று கடையில் விற்றுவைக்காதே.